கடைசலுக்குப் போன சிலிண்டர்

மருந்தடிக்கும் மெஷினின் எஞ்சினைப் பிரித்து, சவரியப்பன் சிலிண்டரையும் பிஸ்டனையும் சாக்கின் மேல் வைத்தான். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். உள்சுவர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பழைய இரும்பு போடும் கூடை பக்கத்திலேயே இருந்தது.

“என்னைத் தூக்கிப் போட்டுருவான், தம்பி,” என்றது சிலிண்டர்.

“சும்மா புலம்பாதீங்கண்ணே. என்னைப் பாருங்க, ஒரு கீறல் உண்டா? எனக்காகவாவது உங்களைச் சரி பண்ணுவான்,” என்றது பிஸ்டன்.

“பண்ணலைன்னா?”

“ரெண்டு பேரும் சேர்ந்தே கூடைக்குப் போவோம். போதுமா?”

சவரியப்பன் சிலிண்டரை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனான். பிஸ்டன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது. யாரோ கூடையில் எதையோ போட்ட சத்தத்தில் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாலையில் சிலிண்டர் திரும்பி வந்தது. தேய்மானம் மறையும்வரை கடைந்ததில் உட்பக்கம் சற்று அகன்று, வழவழவென்று இருந்தது.

“நான் சொன்னேன்ல?” என்றது பிஸ்டன். “பயந்து செத்தீங்களே.”

“ஆமாம்பா. நல்லவேளை.”

சவரியப்பன் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துப் பிரித்தான். அதில் புதிய பிஸ்டன் இருந்தது. பழையதைவிட ஒரு மயிரிழை பெரியது.

“அண்ணே, நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க,” என்றது பழைய பிஸ்டன். “அண்ணே.”

சிலிண்டர் ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் புதிய பிஸ்டன் உள்ளே இறங்கிவிட்டது. நன்றாகப் பொருந்தியது.