குரல்வளை மேடு

“மூக்குக்குக் கீழ நீ போட மாட்டியா? ஏன் நைனா, அந்த எடத்துக்குத் தனியா ஆளு வருவாரா?”

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த மணவாளன் நுரைக்குள்ளிருந்து கேட்டார். கன்னத்தை வழித்து முடித்திருந்த குணா கத்தியைத் துடைத்தான்.

“நான் கன்னம் மட்டும்தான் சார். மீசை எடம், மோவாய்க் குழி, கழுத்து எல்லாம் குப்புராஜ் அண்ணன்தான் போடுவாரு. டீ குடிக்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு.”

“அவன் டீ குடிக்கப் போனா டீக்கடைக்காரனே கடைய மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவான். எனக்கு ஜல்தியா போவணும். நீயே போடு.”

வேறு யாராவது என்றால் குணா மறுத்திருப்பான். இவர் சுபத்ராவின் அப்பா. சேவூரில் சொந்தத் தறி வைத்திருப்பவர். பைக்கில் போகும்போது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறானே தவிர, பேசியதில்லை. ‘இந்த வாரம் அப்பாகிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிடறேன். அவர் சரின்னா கல்யாணம். வேணாம்னா என்னை மறந்துடு’ என்று சுபத்ரா சொல்லியிருந்தாள். அந்த அப்பாவின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால்கூடப் போதும், கதை முடிந்தது.

“ஒரு முள்ளு நிக்கக் கூடாது, சொல்லிட்டேன். பட்டுப் புடவைய மடிக்கும்போது மோவாயிலதான் இடுக்கிப் பிடிப்பேன். முள்ளு இருந்தா இழைய இழுத்துடும். அப்புறம் அந்தப் புடவைய நான்தான் கட்டிகினு சுத்தணும்.”

குணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புது பிளேடைப் பொருத்தினான். கன்னம் தவிர மற்ற இடங்களுக்கு இத்தனை நாளும் நுரை தடவிய பலூனில்தான் பழகியிருந்தான். பலூனுக்கு மூக்கு கிடையாது.

“உதட்டைப் பல்லு மேல மடிச்சுக்கோங்க சார்.”

மூக்கு நுனியை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சின்னச் சின்னதாக இறக்கினான். மேடு பள்ளத்தைக் கத்தியால் துரத்தாதே, தோலை இழுத்து மேட்டையே சமமாக்கு என்று குப்புராஜ் அடிக்கடி சொல்வார். இழுத்தான். வந்தது.

உதடு விடுபட்டதும் மணவாளன் கேட்டார். “எந்த ஊரு?”

“பெரணமல்லூர் சார்.”

“அதான், கத்தி பெரணமல்லூர் பஸ்ஸு மாதிரியே நின்னு நின்னு வருது.”

“சிரிக்காதீங்க சார். குழியில கத்தி இருக்கு.”

“உன் மூஞ்சியப் பார்த்தா சிரிப்பு வராம இன்னா வரும்? முழியே திருட்டு முழி. வேற வேலை எதுவும் கெடைக்கலியா?”

“புடிச்சுதான் சார் வந்தேன்.”

“கிழிச்ச. எங்க தறியில புதுசா எவன் உக்காந்தாலும், அவன் பார்க்காதப்ப நானே ஒரு இழைய அறுத்து விட்டுடுவேன். திட்டிகினே முடிச்சு போடறானா, பேசாம போடறானான்னு பார்ப்பேன். உன்னையெல்லாம் உக்கார வெச்சா தறிய ஒடச்சுட்டு ஓடிப்பூடுவ.”

குணா அவர் தலையைப் பின்னால் சாய்த்தான். குரல்வளை மேடு துருத்திக்கொண்டு நின்றது. அவர் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது துணிக்குள் புகுந்த எலி மாதிரி ஓடியது. கத்தியை வைத்தான்.

“சீக்கிரம் முடி. போளூர்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க.”

கத்தி நின்றது. “யாருக்கு சார்?”

“என் பொண்ணு சுபத்ராவுக்குத்தான். பையன் பேரு ஹேமநாத். கவர்மெண்ட் வேலை. இன்னிக்கே தட்டு மாத்திடலாம்னு இருக்கேன். எவனோ ஒரு வெட்டிப் பய அவ பின்னாடி சுத்திகினு இருந்தானாம். கையில மாட்டட்டும், காலை ஒடைக்கிறேன்.”

அவர் பேசப் பேச, மேடு கத்திக்கு அடியில் ஏறி இறங்கியது.

குணா கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டான். திரும்பி நின்று, சுத்தமாக இருந்த கத்தியை மறுபடியும் தண்ணீரில் கழுவினான். நாள்காட்டியில் இருந்த முருகனையே கொஞ்ச நேரம் பார்த்தான். முருகனுக்கு இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது. அவனிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

திரும்பி வந்தான். “பேசாதீங்க சார். முழுங்காதீங்க. கை தவறினா உங்களுக்குத்தான் வலிக்கும்.” மேட்டின் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்து, சமமான இடத்துக்கு வந்ததும் வழித்தான். பிறகு மறுபக்கம். ஒரு துளி ரத்தம் இல்லை. படிகாரத்தைத் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுத்தான்.

மணவாளன் சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பட்டு நூலை எடுத்தார். மேலுதட்டில், மோவாய்க் குழியில், குரல்வளையில் என்று ஒவ்வொரு இடமாக உரசிப் பார்த்தார். நூல் எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

“கெளம்புங்க சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துகினு இருப்பாங்க” என்றான் குணா, துண்டை உதறியபடி. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

வாசலில் குப்புராஜின் தலை தெரிந்தது. “இன்னாப்பா மணவாளா, ஆச்சா? உன் பேச்சைக் கேட்டு வெளிய நின்னு டீயா குடிச்சு வயிறு பேஜாராப்பூடுச்சு.”

மணவாளன் எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

“போளூர்லேர்ந்து யாரும் வரல குணா” என்றார், அவன் இதுவரை சொல்லாத பெயரைச் சொல்லி. “அது நான் அறுத்து விட்ட இழை. நான் கழுத்தை நீட்டிப் பார்த்துட்டேன், இனிமே என் பொண்ணு நீட்டட்டும்.”