யாரும் கூப்பிடாத நிவெல்4

ஆற்று வெள்ளம் மூன்றாம் அபாய நிலையைத் தொட்டதும் அலுவலகத்தில் எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது.

வில்பெர் சவரியா காபியை உறிஞ்சியபடி திருப்தியாகத் தலையாட்டினான். வெள்ள எச்சரிக்கை நிரல் அவன் பொறுப்பு. சொன்ன பேச்சைக் கேட்கிறது.

நான்காம் நிலை வந்தால் பள்ளத்தாக்கு முழுக்கச் சைரன் அலறும். இதுவரை வந்ததில்லை. கையால் அமுக்கும் பொத்தானைக்கூட, எதற்கு வெட்டியாக என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம்தான் நிரலைச் சுத்தம் செய்திருந்தான். எங்கும் பெயர் வராத, ஒரு வருஷமாக ஓடிய தடமும் இல்லாத 'கிளாஸ்' எனும் நிரல் துண்டுகள் நாற்பத்தொன்று. யாரும் கூப்பிடாதது எதற்கு என்று அத்தனையையும் அழித்தான். மேலதிகாரி கேக் வாங்கிக் கொடுத்தார்.

பக்கத்து மேசை கிரேவினுக்கு வாய் சும்மா இருக்காது.

"வீட்டுல ஒரு தட்டைக் கழுவ மாட்டே, இங்க மட்டும் துடைச்சு வைக்கிறே! அது சரி, எந்த நிலைக்கு எந்த கிளாஸைக் கூப்பிடணும்னு இதுக்கு யாருப்பா சொல்றது?"

வில்பெர் சிரித்துக்கொண்டே அந்த வரியைத் திறந்து காட்டினான். நிலையைக் குறிக்கும் 'நிவெல்' என்ற சொல்லோடு அதன் எண்ணை ஒட்டி, அந்தப் பெயருள்ள கிளாஸை ஓடும்போதே தேடி எடுத்துக்கொள்ளும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

நிவெல்4 என்று முழுப் பெயரை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. வேளை வரும்போது நிரலே ஒட்டிக் கூப்பிடும். அந்த வேளை வந்ததே இல்லை.

அதையும் சேர்த்துத்தான் அழித்திருந்தான்.

திரும்பச் சேர்த்து ஏற்ற இருபது நிமிஷமாவது ஆகும். உடனே ஆரம்பித்தான். அதற்குள் திரையில் எண் மாறியது. நான்கு.

கீழே ஒரு சிவப்பு வரி. நிவெல்4 கிடைக்கவில்லை.

ஆற்றங்கரைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவி யோர்லெனியை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தகரக் கூரையில் கொட்டும் மழையில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது.

மறுபடி அழைக்கப் போனபோதுதான் கால்மணி நேரத்துக்கு முன் அவள் அனுப்பிய குரல் செய்தி கண்ணில் பட்டது.

"அம்மாக்காரங்க எல்லாம் பிள்ளைங்களை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நின்னாங்கப்பா. நான் ஒருத்தரையும் விடல. என் புருஷன்தான் அங்க உக்காந்திருக்கான், ஆபத்துன்னா சைரன் ஊதாமலா போயிடும்னு சொல்லி, அவங்களையும் உள்ளயே உக்கார வச்சுட்டேன்."