நெஞ்சைக் காட்ட வந்தவர்

“அந்தம்மாவ நிறுத்துங்க! முந்தானையில எதையோ மறைச்சு எடுத்துட்டுப் போறாங்க!”

டாக்டர் ஹுமைரா போட்ட சத்தத்தில் ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சின்னப்பொண்ணு நின்றுவிட்டாள். முந்தானையிலிருந்து ஒரு நீலக் கலர் இன்ஹேலர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

“நல்லாருக்கே! டாக்டருங்க கூட்டத்துலயே கை வெக்கிறாங்கப்பா!” பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

சின்னப்பொண்ணுவுக்கு வெட்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்!

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சுற்றுவட்டார டாக்டர்களுக்குப் பயிற்சி. நாள்பட்ட நுரையீரல் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம். நோயாளியை நேரில் காட்டினால்தானே மனசில் பதியும்? அதற்காக அவள் புருஷன் பூவராகவனை வேன் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்.

இரும்பு உருக்கும் கம்பெனியில், உலைக்குப் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவர் அவர். இப்போது வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு முட்டுகிறது.

சட்டையைக் கழற்றச் சொல்லி மேடையில் உட்கார வைத்தார்கள். டாக்டர்கள் வரிசையில் வந்து நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள்.

“அருமையான கேஸ்!”

“இந்தச் சத்தத்தக் கேளுங்க, எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க!”

சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டர் மைக்கில் சொன்னார். “இவருக்கு டி.பி.ன்னு ரெண்டு தடவ மருந்து குடுத்திருக்காங்க. இவருக்கு டி.பி.யே கிடையாது. நீங்க யாரும் இனிமே அந்தத் தப்பப் பண்ணக் கூடாது.”

எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பூவராகவன் கண் பிதுங்க ஊதினார். பிறகு பெரிய டாக்டர் தன் கைப்பையைத் திறந்து நீல இன்ஹேலர் ஒன்றை எடுத்து, அவர் வாயில் அடித்தார்.

கொஞ்ச நேரம் போனது. பூவராகவன் மேடையிலிருந்தே அவளைப் பார்த்துக் கேட்டார்.

“சின்னப்பொண்ணு, கோழிய மூடிட்டுதான வந்த?”

நடுவில் நிற்காமல், இழுக்காமல், ஒரே மூச்சில் கேட்டார்! அப்படி அவர் பேசி எவ்வளவு காலமாயிற்று! அவளுக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், மேடை ஓரத்து மேஜையில் அதே மாதிரி நீல இன்ஹேலர்கள் குவிந்து கிடந்தன. டாக்டர்கள் எடுத்துப் பழகிப் பார்க்க வைத்தவை. அவள் கை தானாக நீண்டது.

“எடுத்தேன்தான்!” என்று கத்தினாள் சின்னப்பொண்ணு. “இதுக்கு மருந்து எங்க கெடைக்கும்னு காலைலயே இந்த டாக்டரம்மாவக் கேட்டேன். எங்க ஊரு ஆஸ்பத்திரி டாக்டரே இவங்கதான். ‘இன்னும் ஸ்டாக் வரல’ன்னாங்க. இத்தினி பேரு அவரு நெஞ்சுல குழா வெச்சுப் பாத்தீங்க. இன்னா நோவுன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. சந்தோசம். ஒருத்தராச்சும் மருந்து குடுத்தீங்களா? அவரு இன்னா, பள்ளிக்கூடத்துல மாட்டி வெச்சிருக்குற எலும்புக்கூடா?”



“அம்மா, அது வந்து...” என்று ஹுமைரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து வீரராகவன் எழுந்துவிட்டார். பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்ட மருந்துக் கம்பெனியின் மேனேஜர். தரையில் கிடந்த இன்ஹேலரை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். மைக்கைப் பிடித்தார்.

“ஏழைங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா? இந்தாங்கம்மா, இது எங்க கம்பெனியோட அன்பளிப்பு!”

போட்டோ எடுத்தார்கள். கைதட்டல் ஹாலை அதிர வைத்தது.

ஹுமைரா மட்டும் கைதட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘ஒரு ஏழைக்குக் கெடைச்சா இவளுக்குப் பொறுக்கல’ என்று சின்னப்பொண்ணு மனசுக்குள் கரித்துக் கொட்டினாள்.

பாடம் முடிந்தது. திரும்பிப் போக வேன் இல்லை என்றார்கள். பூவராகவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி நடத்தி, பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்தாள். அவருக்கு மறுபடியும் இழுக்க ஆரம்பித்திருந்தது.

“அதான் மருந்து கீதே, இன்னா பயம்?” என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து இன்ஹேலரை எடுத்தாள்.

அப்போது மூச்சிரைக்க ஓடி வந்தாள் ஹுமைரா.

“அத அடிக்காதீங்க! எங்கிட்டக் குடுத்துடுங்க!”

“இன்னாது? ஊரே பாக்கக் குடுத்துட்டு, பின்னாலயே ஓடியாந்து புடுங்கறியா? நீயெல்லாம் ஒரு டாக்டரா? அவரு இழுக்கறது ஒங்கண்ணுக்குத் தெரில?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

“படிச்ச பொண்ணு பண்ற வேலையாம்மா இது?” என்றார் ஒருவர்.

ஹுமைராவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அது எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வச்சிருந்த டப்பாம்மா. உள்ள மருந்தே கிடையாது. வெறும் காத்து. குடுத்தவருக்கும் அது தெரியும், கைதட்டினவங்களுக்கும் தெரியும்.”

சின்னப்பொண்ணு தன் கையில் இருந்ததையே வெறித்துப் பார்த்தாள்.

ஹுமைரா கோட்டுப் பையில் கைவிட்டு வேறொரு இன்ஹேலரை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“இதுல மருந்து இருக்கு. பெரிய டாக்டர் கைப்பையிலேருந்து திருடிட்டு வந்தேன்.”