ஈயமும் கொய்யாவும்

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிருங்க. யோசிச்சா இறங்காது" என்றாள் மனைவி. டம்ளரை அவளேதான் பிடித்திருந்தாள். அவருடைய மணிக்கட்டு இப்போதெல்லாம் எதையும் தாங்குவதில்லை.

பச்சையாகத் தளும்பியதைப் பார்த்துப் பயில்வான் முகத்தைச் சுளித்தார். பட்டறையில் பழைய பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தூக்கிய காலத்தில் வந்த பெயர் அது. அவற்றை உடைத்து, ஈயத்தை உலையில் உருக்குவது அவர் வேலை.

"என்னைத் தீர்த்துக் கட்டப் பாக்குறியா?"

"கொய்யாவும் கொத்தமல்லியும் எலுமிச்சையும்தான். ஈயம் உடம்புக்குள்ள பண்ற சேதத்தை இதெல்லாம் கொஞ்சம் தடுக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

டாக்டரம்மா அதோடு நிறுத்தியிருக்கவில்லை. "இந்தச் சத்தெல்லாம் ஒரு குடை மாதிரிம்மா. தூறலுக்குத் தாங்கும். இவரு ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டு குடை பிடிக்கிறாரு. முதல்ல கரையேறச் சொல்லுங்க."

கரையேறினால் சாப்பாட்டுக்கு என்ன வழி? மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். வயிற்று வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அவர் போய் வந்துகொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் உருகிய ஈயத்தோடு கரண்டி கை நழுவி விழுந்தது. கால் தப்பியது மயிரிழையில். பட்டறையில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் அவள் எங்கெங்கோ அலைந்தாள். மூன்றாம் நாள் மாலை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே நீங்க அந்தப் பக்கமே போக வேணாம். நான் வேலைக்குப் போறேன். பேசி முடிச்சிட்டேன்."

"எங்க? கல்யாணத்துக்கு முன்னாடி போனியே, அந்தத் தையல் கம்பெனியா?"

"எங்கயோ ஒரு இடம். வீட்டுல அடுப்பு எரியணும், அவ்வளவுதானே?"

அவருக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது. தையல் என்றால் புகை இல்லை, சூடு இல்லை. இவளாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும்.

அன்றைக்கு அவள் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவருக்குப் புகட்டிவிட்டு, தன்னுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"உனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?"

"சும்மா, உங்களுக்குத் துணைக்கு" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை பட்டறைச் சங்கு ஊதியதும் பழக்க தோஷத்தில் எழுந்து உட்கார்ந்தார். அவள் தலைமுடி வெளியே தெரியாதபடி துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்? தையல் கம்பெனிக்கு இன்னும் நேரம் இருக்கே?"

அவள் கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க ஆள் எடுக்கலைங்க. உங்க இடம்தான் காலியா இருந்துச்சு."