தள்ளிப்போகும் பட்டன்

"உன் வீட்டுக்காரர் வேணும்னேதான் பண்றாரும்மா" என்றார் பெரியவர், மகளிடம். பக்கத்து அறையில் இருந்த மாப்பிள்ளையின் காதிலும் விழட்டும் என்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். "நேத்து பிரேக் பட்டன் இங்க இருந்துச்சு. இன்னைக்கு அங்க போய் உட்கார்ந்திருக்கு. விரல் எட்டவே மாட்டேங்குது."

மடியில் தலையணை, அதன் மேல் டேப்லெட். திரையில் ஒரு ரயில். இடது கட்டைவிரல் அதை ஓட்டிக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரல்தான் பிரேக்குக்குப் போராடியது. ரயில் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடியே போய்விட்டது.

நிஜ ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ஸ்டேஷனைக்கூட விட்டதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிக்கொண்ட பிறகு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பயிற்சிக்கென்று பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன கைக்குழந்தையா?" என்று தூக்கி எறிந்தார். இடது கையால்தான்.

விரலை இப்போதே விரித்துப் பழகாவிட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளை இந்த ரயில் விளையாட்டைச் செய்து கொடுத்தார். அவருக்குத் தொழிலே அதுதான். டேப்லெட் விளையாட்டில் எந்தப் பட்டனை எங்கே வைத்தால் விரல் நோகாது என்று பார்க்கிற வேலை. யாரைச் சந்தித்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலைப் பார்ப்பார். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'கட்டைவிரல்'.

அப்பேர்ப்பட்டவர் மாமனாரின் பட்டனை மட்டும் ஏன் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்?

மகளுக்குப் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. கணவர் அவளைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா, "பொம்மை விளையாட்டு செய்யறவருக்கெல்லாம் பொண்ணு தர்றதா இல்ல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் கணவர் லேப்டாப்பில் அதே பட்டனை நகர்த்திக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தாள்.

"பழி வாங்குறீங்களா?"

"யாரை?"

"நடிக்காதீங்க. ஊர்ல உள்ளவங்க விரலுக்கெல்லாம் நோகாம வைக்கத் தெரியுது. எங்கப்பாவுக்கு மட்டும் எட்டாத இடமா?"

"எட்டாத இடமில்ல. எட்டுற இடத்துக்கு ஒரு நூல் தள்ளி." அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். "பட்டன் கிட்டவே இருந்தா விரல் மடங்கியேதான் கிடக்கும். தள்ளி இருந்தா அதை அமுக்கணும்னு அவரே விரிப்பார். ஸ்டேஷன்ல ரயில் நிக்காம போறதை உங்கப்பாவால தாங்க முடியுமா?"

இப்படிப்பட்ட மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு இருந்தது.

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"பயிற்சின்னு தெரிஞ்சா டேப்லெட்டும் பந்து போன வழிக்கே போயிடும்."

"ஆனா இன்னைக்கு அவருக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. என்னால பார்க்க முடியல. போதும், விட்டுடுங்க."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நானும் தினமும் கேட்டுட்டுதானே இருக்கேன், அவர் திட்டுறதை. வயசானவரை ரொம்பத்தான் படுத்துறேனோ என்னவோ."

மனசே இல்லாமல் பட்டனைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார்.

மறுநாள் காலை ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சமர்த்தாக நின்றது. அறையிலிருந்து ஒரு திட்டுகூட வரவில்லை. மகள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அதற்குள் பெரியவர் டேப்லெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"அவரைக் கூப்பிடு."

மாப்பிள்ளை முகம் துடைத்த துண்டோடு வந்து நின்றார்.

"பட்டன் ஏன் கிட்ட வந்துச்சு?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கேன்னு, மாமா..."

"நிறுத்தச் சொல்லி நான் கேட்டேனா?" பெரியவர் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்த கட்டைவிரல் நடுங்கியபடி விலகி நின்றது. "இவ்வளவு விரிஞ்சிருக்கு. பாதியில விட்டுட்டா எப்படி மாப்பிள்ளை? இந்தக் கை இனிமே தேறாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள் மகள்.

"பட்டன் ரெண்டாவது தடவை நகர்ந்தப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு அவரை நாள் தவறாம அப்படித் திட்டினீங்க?"

பெரியவர் டேப்லெட்டை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க எட்டுது, எங்க எட்டலைன்னு நான் கத்தினாத்தானேம்மா அவருக்கு அளவு தெரியும்?"