மீன் தொட்டிக்கு மழைத் தண்ணீர்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். எங்காவது மாற்றிச் சொல்லி, தப்பு வேறு யார் தலையிலாவது விழுந்துவிட்டால்?

பல் டாக்டர் கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. நோயாளிகள் உட்காரும் அறையில் ஒரு மீன் தொட்டி, ஏழு தங்கமீன்கள். மொட்டைமாடி டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு.

"குழாய்த் தண்ணியில மருந்து இருக்கு. மழைத் தண்ணிதான் சுத்தம்."

டோக்கன் கொடுக்கிற பெண்தான் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் என் கண்ணில் பட்டுவிட்டது. வாளியில் பாதிதான் மழைத் தண்ணீர். மீதியைக் குழாயடி பக்கெட்டிலிருந்து ஊற்றுகிறாள்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாடி ஏற அவ்வளவு வலிக்குதா? வாயில்லாத ஜீவனைப் போய் ஏமாத்துறியே!"

"மெதுவாப் பேசுங்கக்கா. விஷயம் உங்களுக்குத் தெரியாது."

"ஆமாடி, திருட்டுத்தனம் எனக்குத் தெரியாதுதான்!"

நேராக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மீன் தொட்டி என் பொறுப்புக்கு வந்தது. முட்டி வலியோடு முப்பத்திரண்டு படி ஏறி இறங்கினேன். குழாய்ப் பக்கமே போகவில்லை.

மூன்றே வாரம். ஏழும் மல்லாந்து மிதந்தன.

"நீயும் குழாயைத் திறந்தியா?" என்று கத்தினார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "தொட்டியில என்னத்தடி கலந்து வெச்சிட்டுப் போனே?"

"ஐயோ, முழுக்க மழைத் தண்ணியா ஊத்தினீங்க?" என்று பதறினாள். "அதுல மீனுக்கு வேண்டிய உப்புச் சத்தே கிடையாதுக்கா. குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வெச்சா மருந்து போயிடும். அதைப் பாதிக்குப் பாதி கலந்தாத்தான் மீன் தாங்கும்."

"இதை டாக்டரம்மாகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'படிச்சது நீயா, நானா?'ன்னாங்க. உங்க வேலையாவது நிலைக்கட்டும். கேட்டா, மழைத் தண்ணின்னே சொல்லிடுங்க."

அடுத்த வாரம் புது மீன்கள் வந்தன.

"சுத்தமான மழைத் தண்ணிதானே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பாதி குழாய்த் தண்ணீர் கலந்த வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னேன்:

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் என்ன, அவளை மாதிரியா?"