கீழ்ப் படுக்கை

"சுயம்பு வீடு இதுதானே, அங்கிள்?"

வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். புருவத்தில் பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தது. விடிகாலையிலிருந்து டெம்போவில் மூட்டை ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"ஆமா. என்ன விசயம்?"

"நான் சாதனா. மாட்டுங்காலேர்ந்து வரேன். உங்க பையன் படிக்கற காலேஜ்தான். அவன் ஈவ்னிங் பேட்ச், நான் டே பேட்ச்."

அவர் தைலக் குப்பியை மூடினார். "என்ன செஞ்சான்?"

"ஒண்ணுமே செய்யலை. அதுதான் பிராப்ளம்." சாதனா கழுத்து வியர்வையைத் துடைத்தாள். தாராவிச் சந்துகளில் ஒரு மணி நேரம் ரூம் நம்பர் தேடியதில் செருப்பெல்லாம் சேறு. "சனி, ஞாயிறு கர்ஜத்ல கேம்ப். எல்லா மொழிப் பசங்களும் ஒண்ணாத் தங்கி, சமைச்சு, பழகணும். வந்தாதான் ரெண்டு கிரெடிட். இது லாஸ்ட் செமஸ்டர் வேற. அந்த ரெண்டு இல்லேன்னா அவனுக்கு டிகிரி கிடையாது. போன் பண்ணினா எடுக்கறதே இல்லை. பேர் சேர்க்கற பொறுப்பு என்னோடது, இன்னிக்குத்தான் கடைசி நாள். எங்கே அவன்?"

"இங்கனதான் இருக்கான். நீ சொல்லு."

"கூப்பிடுங்கோளேன்."

"வரமாட்டாம்மா. அவனுக்கு அதெல்லாம் சரிப்படாது."

"அதை அவன் சொல்லட்டுமே. நீங்களா முடிவு பண்ணினா எப்படி?"

"அவன் முடிவுதான் அது." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "மொத நாள் கிளாசுக்குள்ள நொழஞ்சப்போ எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. பொறவு ஒரே சிரிப்பு. அன்னையிலேர்ந்து கடைசி பெஞ்சுதான். யார்ட்டயும் பேச்சு கெடையாது."

"அரே, அது ராகிங்! கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கணும்."

"சின்னப் பிள்ளைக. சிரிச்சிட்டுப் போவுது."

"அதுக்குத்தானே கேம்ப்! கலந்து பழகினா கூச்சம் போயிடும். மணிப்பூர், பீகார், அஸ்ஸாம்னு பதினோரு பாஷைப் பசங்க. தான்சானியாலேர்ந்துகூட ரெண்டு பேர் வரா."

அவர் சந்தைக் கைகாட்டினார். "பக்கத்து ரூம்ல பீகாரி. எதுத்தாப்புல யூ.பி. பாய். மாடியில மராட்டிக்காரன். எல்லாருக்கும் ஒரே நல்லி. காலைல முக்கா மணி நேரம் தண்ணி. முப்பது வருசமா கலந்து பழகிட்டுத்தான் கெடக்கோம். இதுக்கு எதுக்கு கர்ஜத்?"

"இதுக்கு சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாளே, அங்கிள்."

அவர் தைலக் குப்பியை ஓரமாக வைத்தார். "அங்க என்னதான் செய்வீங்க?"

"பாட்டு, டான்ஸ், கயிறு இழுக்கற போட்டி..."

"கயிறு இழுக்கவா?" முதல் முறையாகச் சிரித்தார். "இன்னைக்கு மட்டும் ரெண்டு டெம்போ இழுத்துக் கட்டியாச்சு."

"யாரு? சுயம்புவா?"

"பின்ன யாரு கட்டுவா?"

"மூட்டையும் தூக்கணுமா அவன்?"

"டிகிரிப் பேப்பரக் கொண்டாந்தா கோடவுன்ல சூப்பர்வைசராப் போடுறேன்னு முதலாளி சொல்லிருக்காரு. அதுவரைக்கும் தூக்கித்தான் ஆகணும். பொறவு நின்னு பாத்தாப் போதும்."

சாதனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சுண்டே இப்படிப் பண்றேளா? ரெண்டே நாள். அதுக்கு அனுப்பினா அவன் வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்க வேண்டாம். நானோ வெயில்ல அலைஞ்சு வந்து கத்திண்டிருக்கேன், நீங்க ஹாயா தைலம் தேய்ச்சுண்டு உட்கார்ந்திருக்கேள். உங்களை மாதிரி அப்பாக்களாலதான் பசங்க உருப்படறதில்லை."

எதிர்வீட்டு பாய் திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். காஸ் அடுப்புக்கு மேலே பலகையில், எண்ணெய்ப் பிசுக்கு படாமல் பாலித்தீன் பையில் சுற்றி அடுக்கிய புத்தகங்கள். மூன்று வருடப் புத்தகங்கள். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"அங்க எங்க படுக்கணும்?"

"பெரிய ஹால். மேல ஒண்ணு, கீழ ஒண்ணா அடுக்குக் கட்டில்."

"கீழ் படுக்கை கெடைக்குமா? அவனுக்கு முட்டி சரியில்ல. மேல ஏற முடியாது."

"இந்த வயசுலயேவா? எல்லாம் அந்த மூட்டையால வந்தது." அவள் குரல் தணிந்தது. "கீழேயே போடச் சொல்றேன். பார்ம்ல கையெழுத்துப் போடுங்கோ."

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கை கழுவினார். மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, நடுவில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு நிதானமாகக் கையெழுத்திட்டு நீட்டினார்.

"ஐயோ அங்கிள், இது ஸ்டூடண்ட் போடற இடம். இதுல போய் சுயம்புன்னு எழுதியிருக்கேளே! நீங்க மேல போடணும். இதோ, அப்பா கையெழுத்துன்னு இருக்கு பாருங்கோ."

"அங்க போட ஆளில்லம்மா. எங்கப்பா செத்து இருவது வருசமாச்சு," என்றார் சுயம்பு. "கீழ் படுக்கைய மட்டும் மறந்துராத."